சாம்பல் தொட்டு முறுக்கிய கம்பி

மீட்டர் பழுது பார்க்க மெட்ராஸிலிருந்து வந்தவர் காதில் பென்சில்போல் ஒரு டெஸ்டரைச் செருகியிருந்தார். எந்தக் கம்பியைத் தொடும் முன்பும் விரல்களைச் சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொள்வார்.

செவிலிமேட்டில் ஓர் ஆலையில் நான் பம்பு ஓட்டினேன். குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதை மேலாளர் அறையில் இருந்த மீட்டர், கம்பி வழியாக வாங்கிக் காட்டும். அதன் முள் அடிக்கடி விழுந்தது. நான் பம்பை நிறுத்திவிட்டுத் தூங்குவதாகச் சொல்லி, எல்லார் முன்னாலும் மேலாளர் என்னைத் தூங்குமூஞ்சி என்றார். இன்னொரு முறை விழுந்தால் வேலை போய்விடும் என்றார். நான் பம்பறைக்குத் திரும்பினேன். வயிறு எரிந்தது.

வந்தவர் என்னையும் கூட்டிக்கொண்டு, கம்பியைத் தடவிக்கொண்டே போய் மேலாளரின் மேசைக்குப் பின்னால் நின்றார். எலி கடித்த இடத்தை, தறியில் அறுந்த இழையைப் பிணைப்பதுபோல் யாரோ சாம்பல் தொட்டு முறுக்கியிருந்தார்கள்.

"யாருபா இது, கம்பியில நெசவு பண்ணது?"

"நான்தான். எங்க ஊட்ல இழை அறுந்தா இப்படித்தான் சேர்ப்போம்," என்றார் மேலாளர்.

"பட்டு நிக்கும் சார், கரண்ட்டு நிக்காது. அழுத்திப் புடிங்க. ஷாக் அடிக்காது."

மேலாளர் பிடித்தார், முள் ஏறியது. விரல் தளர்ந்ததும் விழுந்தது.

"இன்னா சார், தூங்கிட்டீங்களா?"

மேலாளர் மறுபடி அழுத்திப் பிடித்தார். மெட்ராஸிலிருந்து வந்தவர் நிதானமாக வெற்றிலை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "வுடச் சொல்லட்டுமாபா?"

யாரிடமும் வாய் திறக்காத நான் சொன்னேன்: "இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சிக்கினு இருக்கட்டும்."

என் வயிற்றெரிச்சலை மெட்ராஸ்காரருக்கு யார் சொன்னார்களோ, இன்றுவரை தெரியவில்லை. அவர் நீட்டிய வெற்றிலையை வாங்கி, மேலாளர் கம்பியை விடாமல் பிடித்திருப்பதைப் பார்த்தபடியே மென்றேன்.