மருதவல்லிக்கு என்ன நட்சத்திரம்

வாடகைக்குப் புத்தகம் விடுகிறவள் கதையே படிக்க வேண்டாம், படித்துவிட்டு வருகிறவர்கள் பேசுவதைக் காதில் வாங்கினால் போதும் என்று எனக்கு முதலில் சொன்னவள் என் ஓரகத்தி சரோஜா. அறுபத்து மூன்றாம் வருஷம் தை மாசம், என் சின்ன மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டே சொன்னாள். திண்டிவனத்தில் அவள் ஏற்கெனவே இந்தத் தொழிலில் நொந்து போயிருந்தாள். கல்யாணம் முடிந்த கையோடு, செஞ்சி பஜாரில் என் வீட்டுக்காரர் வைத்திருந்த பேனா நோட்டுக் கடையில் ஒரு அலமாரியைக் காலி செய்து, வாடகைப் புத்தகங்களை அடுக்கி, எதிரே என்னை உட்கார வைத்துவிட்டார். பிள்ளைகள் எல்லாம் அவரவர் குடும்பம் என்று போய்விட்டார்கள். நான் எட்டாவது வரை படித்தவள், காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டால் அப்புறம் சும்மா இருப்பவள். இந்த வேலைக்கு இதற்கு மேல் தகுதி கேட்கவில்லை.

பஜாருக்கு வராத வீட்டுப் பெண்களுக்கு நானே துணிப்பையில் போட்டு எடுத்துப் போய்க் கொடுப்பேன். கல்லாவுக்குப் பின்னாலும் அடுத்தவர் வீட்டு வாசலிலும் நின்று ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சிரித்த முகமாகத் திரும்புகிற என் இனத்தவர்களே, அந்தக் கஷ்டத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த நாளில் ஊரே கேட்டது ஒரு கதையைத்தான். 'பாழ்கோட்டை மருதவல்லி', மூன்று பாகம். வைத்தியம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட பெண்ணை அவளைப் பெற்றவரே கோட்டை நிலவறையில் பூட்டிவிடுகிறார். அங்கே சுவடி இருக்கிறது, எலும்புக்கூடு இருக்கிறது, ரகசிய வழி இருக்கிறது. அந்த வழியாக ஒரு இளவரசன் வெட்டுக்காயத்தோடு வந்து விழுகிறான். இவள் பச்சிலை வைத்துக் கட்டி முடிக்கிற நேரம் பார்த்து வௌவால் ஒன்று விளக்கை அணைத்துவிட்டுப் போகிறது. காயம் ஆறிவிட்டால் கதை நின்றுவிடும் என்று, அடுத்த அத்தியாயத்தில் அவன் வேறு இடத்தில் வெட்டு வாங்கிக்கொண்டு வருகிறான். சரோஜா சொன்னதைக் கேட்காமல் நானும் படித்தேன். இரண்டு தடவை.

மரப்பாலத்துக் குரங்குகள்

கிளியம்மா, கோட்டை இருக்கிற ராஜகிரி மலை அடிவாரத்தில் புல் அறுத்து வந்து விற்கிறவள். எழுத்து தெரியாது. கடை வாசலில் புல்லுக்கட்டை இறக்கி வைத்து மூச்சு வாங்குகிற நேரத்தில் நான் இரண்டு பக்கம் படித்துக் காட்டுவேன். செஞ்சிக் கோட்டையை மனசில் வைத்து எழுதியது என்று ஆசிரியர் முன்னுரையில் சொல்லியிருந்ததால் அவளுக்குக் கூடுதல் அக்கறை.

அன்றைக்கு வந்த இடம் இது: மருதவல்லி அமாவாசை இருட்டில், பட்டுப் பாவாடை சரசரக்க, கொலுசு குலுங்க, மலை உச்சிக்கு ஓடிப்போய் மூலிகை பறித்துக்கொண்டு, பொழுது விடிவதற்குள் இறங்கி வந்துவிடுகிறாள். கிளியம்மா எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "அந்த ஆளு மலையை பஸ்ஸுல குந்திக்கினே பார்த்திருக்கான்க்கா. மேல மரப்பாலத்தாண்ட பட்டப்பகல்லியே குரங்கு என் சோத்துத் தூக்கைப் புடுங்கிக்கினு ஓடுது. இவ கொலுசோட போனாளாம், மூலிகையோட வந்தாளாம். அதுங்க இன்னா, கை கட்டிக்கினு நின்னுதா?"

இளவரசன் குடித்த கஷாயம்

ஜவுளிக்கடைக்காரர் சம்சாரம் சுலோசனா கதையைக் கதையாகப் படிக்கிறவள் இல்லை. முதல் பாகத்தில் இளவரசனுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொள்கிறது. மருதவல்லி கடுக்காயைக் கை நிறைய அள்ளிப் போட்டுக் காய்ச்சிக் கொடுக்கிறாள். சுலோசனா வீட்டுக்காரருக்கும் அப்போது சளி. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி போடுவார்கள் என்று அவருக்குப் பயம். புத்தகத்தை அடுப்பு மேடையில் விரித்து வைத்துக்கொண்டு, அதில் சொன்னபடியே காய்ச்சி, ஒரு சொம்பு கொடுத்துவிட்டாள்.

ஜவுளிக்கடை இரண்டு நாள் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே புத்தகத்தைத் திருப்பித் தர வந்தார். குரலே வெளியே வரவில்லை. எழுதினவர் மெட்ராஸில் எந்தத் தெரு என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். சாயந்திரம் சுலோசனா வந்து இரண்டாம் பாகம் வாங்கினாள். அவளுக்குக் கதை மேல் துளி சந்தேகம் இல்லை. "இளவரசன் அதைக் குடிச்சிட்டு அன்னிக்கே குதிரை ஏறிச் சண்டைக்குப் போனான். இவரு கொல்லைப்பக்கம் தவிர வேற எங்கியும் போகலை. உடம்புல ஒரு வீரம் வேணாமாக்கா?"

கஞ்சி போட்டு ஒட்டிய பக்கங்கள்

வேர்க்கடலையை மூட்டை மூட்டையாக வாங்கி விற்கிற மல்லாட்டை மண்டி ராஜமாணிக்கம் வீட்டிலிருந்து முதல் பாகம் திரும்பி வந்தபோது நடுவில் பலகை மாதிரி இருந்தது. பிரித்தால் வரவில்லை. அவர் சம்சாரம் பங்கஜத்தைக் கேட்டேன். "நான்தான்க்கா சோத்துக்கஞ்சி தடவி ஒட்டினேன். வயசுப் பொண்ணு இருக்கிற வீடு" என்றாள். அவள் மகள் கஸ்தூரி அப்போதுதான் எஸ்.எஸ்.எல்.சி. நல்ல மார்க்கில் தேறியிருந்தாள்.

விளக்கு அணைகிற பக்கங்களைத்தான் ஒட்டியிருப்பாள், தாய் மனசு என்று நினைத்துக்கொண்டேன். புரட்டிப் பார்த்தால் அந்தப் பக்கங்கள் எல்லாம் தாராளமாகத் திறந்திருந்தன. பலபேர் விரல் பட்டு ஓரம் கறுத்துக்கூட இருந்தது. ஒட்டியிருந்தது, செத்துப்போன சிப்பாயின் உடம்பை அறுத்து மருதவல்லி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற அத்தியாயம். ஏன்மா இதைப் போய் ஒட்டினே என்று கேட்டேன். பங்கஜம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "கட்டிப்புடிக்கிறது எல்லா வீட்லயும் இருக்கிறதுதானேக்கா. அறுத்துப் பார்க்கிறதுதான் பொம்பளைக்கு ஆகாது."

இட்லிப் பானையில் வெந்த அத்தியாயம்

அந்த அத்தியாயத்தைக் கஸ்தூரி விடவில்லை. அடுத்த வாரம் அதே பாகத்தைத் திரும்ப எடுத்துப் போய், அம்மா கோயிலுக்குப் போன நேரத்தில் இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்துவிட்டாள். அவளுக்கு டாக்டருக்குப் படிக்க வேண்டும். அதற்கு முதலில் மெட்ராஸில் பி.யு.சி. சேர வேண்டும். ஸ்கூல் டீச்சர் அப்ளிகேஷன் வாங்கிக் கொடுத்து, அது வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதைப் போட அவருக்கு மனசில்லை. அவலூர்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து பெண்ணைப் பார்ப்பதாக இருந்தது. அதற்குள் கையெழுத்து விழாவிட்டால் அப்புறம் விழாது என்று கஸ்தூரிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவ்வளவு கவலையிலும் அந்தப் பெண் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சிரித்தாள். "வலது பக்கம் இருக்கிற ஈரலை, எழுதினவரு இடது பக்கம் வெச்சிருக்காரு பெரிம்மா. இதைப் படிச்சு நான் கெட்டுப்போயிடுவேன்னு அம்மா ஒரு சொம்பு கஞ்சியை வீணாக்கிட்டாங்க."

மூட்டைக்குப் பின்னால் அழுதவர்

அந்த வீட்டில் கதையை உண்மையாகப் படித்தவர் பங்கஜமும் இல்லை, கஸ்தூரியும் இல்லை. ராஜமாணிக்கம். ஆட்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்று மண்டியில் மல்லாட்டை மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து படிப்பார். இரண்டாம் பாகத்தைத் திரும்ப வாங்க ஒரு நாள் மண்டிக்கே போனேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மல்லாட்டைத் தூசி என்றார். அப்புறம் அவரே சொல்லிவிட்டார். பாகம் முடிகிற இடத்தில் அரண்மனை வைத்தியர்கள் மருதவல்லிக்குப் பரீட்சை வைக்கிறார்கள். விடிந்தால் பரீட்சை, அவளோ நிலவறையில். சாவி அப்பா இடுப்பில்.

"அவன்லாம் ஒரு அப்பனா தங்கச்சி? பெத்த பொண்ணு படிக்கணும்னு அழுவுது, பூட்டிட்டுப் போய்த் தூங்குறான். என் கையில கெடைச்சான்னா தெரியும்" என்றார். இதை விட்டால் வேறு நேரம் வராது என்று, அம்மனை நினைத்துக்கொண்டு மெதுவாக வாயைத் திறந்தேன். "அண்ணே, கஸ்தூரி அப்ளிகேஷன்..." என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முகமே மாறிவிட்டது. "அது வேற, இது வேற தங்கச்சி. மருதவல்லிக்கு யாரு இருக்கா? இவளுக்கு நான் இருக்கேன் இல்ல?"

பேர், நட்சத்திரம்

மூன்றாம் பாகம் மெட்ராஸிலிருந்து வரவில்லை. ராஜமாணிக்கம் தினமும் ஆள் விட்டுக் கேட்டார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் அம்மன் கோயிலில் நான் சுற்றி வந்து நின்றபோது, அவரும் கஸ்தூரியும் அர்ச்சனைத் தட்டோடு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக முடிய வேண்டும் என்று பங்கஜம் அனுப்பி வைத்திருக்கிறாள். கஸ்தூரி முகம் வீங்கியிருந்தது. எனக்கு வணக்கம் மட்டும் சொன்னாள்.

பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு பேர் கேட்டார். ராஜமாணிக்கம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் "மருதவல்லி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பரீட்சையில் என்ன ஆனதோ என்கிற கவலை அந்த மனுஷனை எங்கே கொண்டு வந்து விட்டிருக்கிறது, பாருங்கள். "நட்சத்திரம்?" என்றார் பூசாரி. கதை எழுதினவர் அதை எழுதவில்லை. பூசாரி இன்னொரு தரம் கேட்டதும், அவசரத்தில் ராஜமாணிக்கத்துக்குத் தெரிந்த ஒரே பெண்ணின் நட்சத்திரம் வாயில் வந்துவிட்டது. "பூரட்டாதி."

கஸ்தூரி குனிந்த தலை நிமிர்ந்தாள். சத்தம் போடவில்லை. "பூரட்டாதி என்னுது நைனா. பேரையும் என்னுதா மாத்திச் சொல்லிடுங்களேன்" என்றாள்.

ராஜமாணிக்கம் மகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது, பூசாரிக்கும் தோன்றியிருக்க வேண்டும். "யாரு பேருக்குன்னு சொல்லுங்க, பின்னாடி ஆளு நிக்குது" என்றார். "கஸ்தூரின்னு சொல்லு" என்றார் ராஜமாணிக்கம். "கல்யாணத்துக்குத்தானே?" என்று பூசாரி கேட்க, "படிப்புக்கு" என்றார். குங்குமத்தை வாங்கி மகள் கையில் கொட்டிவிட்டு, வெளியே வரும்போது என் பக்கம் திரும்பி ஒரு சமாதானம் சொன்னார். "ரெண்டு பேருக்கு ஒரே நட்சத்திரம்னா அம்மன் குழம்பிடும் இல்ல தங்கச்சி, அதான்."

வந்து சேர்ந்த மூன்றாம் பாகம்

ராஜமாணிக்கம் அப்ளிகேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவலூர்பேட்டைக்காரர்களை வர வேண்டாம் என்று சனிக்கிழமையே சொல்லி அனுப்பிவிட்டார். பங்கஜம் ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. கஸ்தூரி டிரங்குப் பெட்டியோடு மெட்ராஸ் பஸ் ஏறிப் போன பிறகுதான் மூன்றாம் பாகம் வந்தது. அதில் மருதவல்லி பரீட்சையில் ஜெயிக்கிறாள். உடனே இளவரசன் அவளை ராணியாக்கிக்கொள்கிறான். மருந்துப் பெட்டியைக் கிணற்றில் போட்டுவிட்டு, அந்தப்புரத்து ஊஞ்சலில் ஆடிக்கொண்டே அவள் புன்னகை செய்ய, முற்றும் போட்டிருந்தார்கள்.

ஊர்ப் பெண்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். ராஜமாணிக்கம் மட்டும் புத்தகத்தைக் கடைப் பலகையில் தூக்கிப் போட்டார். "ஊஞ்சல் ஆடுறதுக்கா அவ்ளோ கஷ்டப்பட்டுக் கத்துக்கினா? என் பொண்ணு இப்படிப் பெட்டியைக் கெணத்துல போடட்டும், இறங்கி எடுத்துக்கினு வரச் சொல்லிடுவேன்."

கஸ்தூரி இப்போது மெட்ராஸில் டாக்டருக்குப் படிக்கிறாள். மருதவல்லி இன்னும் வாடகைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள், வாங்கிப் போகிறவர்கள் இன்னும் அழுதுகொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெண்ணை என்ன படிக்க வைக்கப் போகிறீர்கள் என்று நான் கேட்டால், "அது கதைக்கா" என்கிறார்கள்.

கதையில் பூட்டின கதவைத் திறக்கச் சொல்லி இந்த ஊரே அழும், தன் வீட்டுக் கதவின் சாவி தன் இடுப்பில்தான் தொங்குகிறது என்று நினைவு வர மட்டும் ஒரு பூசாரி நட்சத்திரம் கேட்க வேண்டியிருக்கிறது. கஸ்தூரிக்கு வருகிற மாசம் பரீட்சை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் அவள் பேரையும் ஒரு தரம் சொல்லிவிட்டு வாருங்கள், பூரட்டாதி நட்சத்திரம்.