நாயிடம் சொல்லிவிட்ட சேதிகள்

ருசியாதே தன் தங்கை அசெனாதாவிடம் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்தியபோது அவளுக்கு ஒன்பது வயது. சண்டை எதுவும் இல்லை. எங்கள் தீவில் கூடப்பிறந்த ஆணும் பெண்ணும் விவரம் தெரிந்த பிறகு முகம் பார்த்துப் பேசுவதில்லை. அதுதான் மரியாதை. அதனால் நாற்பத்தாறு வருஷம் அண்ணனும் தங்கையும் அடுத்தவர் வாய் வழியாகவே பேசிக்கொண்டார்கள். முதலில் அம்மா வழியாக, பிறகு அவன் மனைவி தித்திலியா வழியாக, ஆள் யாரும் கிடைக்காவிட்டால் நாய் வழியாக.

நாயின் பெயர் கேப்டன். "கேப்டன், மீன் கொண்டாந்திருக்கேன். ஆறுறதுக்குள்ள எங்க அண்ணனைச் சாப்பிடச் சொல்லு" என்று அசெனாதா வாசலில் நின்று சொல்வாள். உள்ளே மரம் செதுக்கும் வாய்ச்சிச் சத்தம் நிற்கும்.

"கேப்டன், போன தடவை உப்பு ஜாஸ்தின்னு சொல்லு."

"உப்பு ஜாஸ்தின்னா சட்டி ஏன் காலியா வந்துச்சுன்னு கேளு, கேப்டன்."

நாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும். மீன் தலை தனக்குத்தான் என்று அதற்குத் தெரியும்.

ருசியாதே மரம் குடைகிறவன். யங்கோனா என்கிற மயக்க வேரை இடித்துக் கரைத்துக் குடிக்கிற நாலு கால் கிண்ணத்தை ஒட்டுப்போடாமல் ஒரே கட்டையில் குடைந்துவிடுவான். அவன் கிண்ணம் இல்லாத சபை இந்தப் பக்கத்துத் தீவுகளில் கிடையாது. ஆனால் அவனிடம் ஒரு வீம்பு இருந்தது. நிற்கிற மரத்தில் வாய்ச்சி வைக்க மாட்டான். புயல் அடித்து ஓய்ந்ததும், சாவு வீட்டுக்குப் போகிறவன்போலக் கரையோரமாக நடந்து, விழுந்து கிடக்கிற புன்னை எது என்று பார்த்து வருவான். அதில்தான் வேலை. தலைநகர் சுவாவிலிருந்து பன்னிரண்டு கிண்ணம் கேட்டு ஆள் வந்தால், "மரம் விழட்டும், பார்க்கலாம்" என்பான்.

"ஊர்ல எல்லாரும் புயல் வரக் கூடாதுன்னு ஜெபம் பண்றாங்க. இந்த வீட்டுலதான் வந்தா தேவலைன்னு இருக்கு" என்று தித்திலியா குத்துவாள். அவன் சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுவான். தினமும் காலையில் கரையோரப் புன்னைகளை விரல் மடக்கித் தட்டியபடி நடப்பது அவன் வழக்கம். எது உள்ளே கெட்டி, எது பொக்கை என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவான்.

வளைகுடா முனையில் நின்ற பெரிய புன்னைதான் அவன் உயிர். அதன் உச்சிப் பொந்தில் குலா கிளிகள் வருஷா வருஷம் குஞ்சு பொரிக்கும். முப்பது வருஷக் கணக்கு அவனுக்கு மனப்பாடம்.

"கேப்டன், இந்த வருஷம் ரெண்டு குஞ்சுன்னு சொல்லு."

"எனக்கு இருக்கிற ஒண்ணையே என்னால மேய்க்க முடியலைன்னு சொல்லு, கேப்டன்."

அந்த ஒன்று இசிகேலி. அவன் அப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். பையன் சுவாவில் மேஜை நாற்காலிப் பட்டறை ஒன்றில் வேலை செய்தான். போன புயலில் அசெனாதாவின் வீடு போய்விட்டது. இரண்டு வருஷமாகத் தகரத்துக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் படுத்தெழுந்தாள். ருசியாதே தன் வீட்டில் பாதியைக் காலி செய்து வைத்துக்கொண்டு நாயிடம் ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்தான். அண்ணன் இருக்கிற கூரைக்குக் கீழே தங்கச்சி எப்படிப் புழங்குவது என்று அவள் வரவில்லை.

இருபத்தெட்டு வயது மகன் மெஷின் ரம்பத்தோடு கப்பலில் வந்து இறங்கினான். ஹோட்டல் ஒன்றுக்கு ஒரே பலகையில் பெரிய மேஜை வேண்டுமாம். பெரிய புன்னை கிடைத்தால் அம்மாவுக்குச் சிமெண்ட் வீடு எழுப்பிவிடலாம்.

"மாமா தருவாராம்மா?"

அசெனாதா ஒரு நிமிஷம் யோசித்தாள். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மழை ஒழுகாத கூரை கண்ணுக்குள் வந்து நின்றது. "மாமன் மரம்தானே. உனக்கில்லாத உரிமையா? போய்க் கேளு" என்றாள்.

எங்கள் வழக்கம் அப்படி. தங்கை மகன் வந்து மாமன் பன்றியைப் பிடித்தால், கட்டிக்கொண்டு போக மாமன்தான் கயிறும் தர வேண்டும். இசிகேலி முறைப்படி யங்கோனா வேரை முன்னால் வைத்து உட்கார்ந்து கேட்டான். ருசியாதே வெகுநேரம் கையிலிருந்த வாய்ச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"குஞ்சு பறக்கட்டும். மூணு வாரம்தான்."

"கப்பல் வியாழக்கிழமை, மாமா."

"அப்ப எடுத்துக்கோ."

அன்று தித்திலியா அவனைப் பிடித்துக்கொண்டாள். "வாயில என்ன மரவள்ளிக்கிழங்கா வச்சிருந்தீங்க? முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அவ மகன் கேட்டு நான் இல்லைன்னு சொன்னா, இத்தனை வருஷம் மரியாதையா அவகிட்ட பேசாம இருந்ததுக்கு என்ன அர்த்தம்?"

செவ்வாய்க்கிழமை அவன் கூடையோடு மரமேறி இரண்டு குஞ்சுகளை இறக்கினான். குடைந்த கட்டை ஒன்றைப் பக்கத்து மரத்தில் கட்டி அதற்குள் விட்டான். பெரிய கிளிகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

புதன் காலையில் வேடிக்கை பார்க்க ஊரே கூடியது. அசெனாதா டீப் பாத்திரத்தோடு வந்து மரத்தடியில் நின்றாள். இசிகேலி மெஷினைக் கிளப்பப் போனபோது ருசியாதே அவன் கையைப் பிடித்தான்.

"இந்த மரத்தை எனக்குத் தெரியும். நான் அறுக்கிறேன். நீ போய் உங்க அத்தைகிட்ட கயிறு வாங்கிட்டு வா."

இசிகேலி ஓடினான். நாயும் அவன் பின்னாலேயே ஓடிவிட்டது. தித்திலியா வீட்டில் இருந்தாள். நடுவில் நின்று வழக்கமாகச் சேதி சொல்கிறவர்கள் யாரும் இல்லை. அப்போது ருசியாதே திரும்பி, நாற்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு, தங்கையின் முகத்தைப் பார்த்தான்.

"அசெனா, இங்க நிக்காத. பையனைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ."

அசெனாதாவுக்கு முகம் எரிந்தது. மரம் போகிற கோபத்தில் ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டான் என்றே நினைத்தாள். தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தாள். எதிரே கயிற்றோடு வந்த மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உங்க மாமனுக்குப் புத்தி பிசகிடுச்சு. வீட்டுக்கு நட."

"அம்மா, கயிறு..."

"கயிறும் வேணாம், மரமும் வேணாம். நடடா."

அங்கே ருசியாதே கூட்டத்தையும் தென்னைகள் வரை விரட்டிவிட்டு மெஷினைக் கிளப்பினான். சத்தம் பாதி வழி வரை அவளுக்குக் கேட்டது. பிறகு நின்றது. பிறகு மரம் விழுகிற சத்தம். அதற்குப் பிறகு ஆட்கள் கத்தினார்கள். மரம் உச்சிப் பொந்திலிருந்து ஆள் உயரம் வரை பொக்கை. பாதி அறுக்கும்போதே நெடுக்கில் பிளந்து, பிளந்த பாதி பின்னால் எகிறி அவன் நெஞ்சில் அடித்துவிட்டது. அவள் திரும்பி ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு இல்லை.

துக்க வீட்டில் பாய் மேல் பாய் விரித்து அவனைக் கிடத்தியிருந்தார்கள். இசிகேலி அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கயிறு அங்கேயே இருந்துச்சும்மா. மூணு சுருள். விடிகாலையில நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன். அதைப் பார்த்துக்கிட்டேதான் மாமா என்னைப் போகச் சொன்னார்."

தித்திலியா தலை நிமிராமல் சொன்னாள். "அவருக்குத் தெரியும். முந்தின நாள் குஞ்சு இறக்க ஏறினப்ப மேல தட்டிப் பார்த்துட்டு வந்து பொக்கைன்னார். அதைப் பையன்கிட்ட சொல்லுங்கன்னேன். சொன்னா, குடுக்க மனசில்லாம பொய் சொல்றேன்னு நினைப்பான்னார்." பாயின் ஓரத்தை நீவினாள். "அவளும் அப்படித்தான் நினைப்பான்னார்."

அசெனாதா அப்படி நினைத்திருப்பாள்தான். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைவிடக் கொடுமை, அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

குஞ்சுகளுக்குத் தித்திலியா பப்பாளியைப் பிசைந்து ஊட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் இரண்டும் செத்தன. மேஜைக்கு ஆகாத பொக்கைக் கட்டை முனையில் கிடந்தது. இசிகேலி மெஷினைக் கடலில் வீசிவிட்டு அடுத்த கப்பலில் போனான்.

நூறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை அசெனாதா மீன் சட்டியோடு கல்லறைக்குப் போனாள். கேப்டன் அங்கேயே படுத்திருந்தது. எழுந்து வந்து வழக்கம்போல இருவருக்கும் நடுவில் நின்றது.

"நீ போ" என்று விரட்டினாள். "அவர் என்கிட்ட நேராப் பேசிட்டார். நானும் நேராத்தான் பேசணும்."

நாய் நாலடி தள்ளிப் போய் நின்றது. அவள் மண்ணைப் பார்த்து உட்கார்ந்தாள். அண்ணா என்று ஆரம்பிக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஒன்பது வயதுக்குப் பிறகு அந்த வார்த்தையை அவனை நோக்கி அவள் சொன்னதே இல்லை. வெயில் ஏறியது. சட்டியில் மீன் ஆறிப்போனது.

கடைசியில் கையை நீட்டி நாயைக் கூப்பிட்டாள்.

"கேப்டன், இங்க வா. எங்க அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

நாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்தது.

"நான் பையனைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்னு சொல்லு."