அந்தப் பாலை யார் பார்ப்பது?

"டென்ஷன் ஆகாம இருங்க" என்றார் டாக்டர், என் பி.பி.யைப் பார்த்துவிட்டு. அவர் முகத்தைப் பார்த்துத்தான் டென்ஷனே வந்தது... சொல்ல முடியுமா?

நிம்மதி தேடி, மயிலாப்பூரில் ஒரு ஓவியக் கண்காட்சிக்குப் போனேன். ஒரு படம் என்னை அப்படியே நிறுத்திவிட்டது. சாயங்கால வீடு. அம்மா மகளுக்குத் தலை பின்னுகிறாள். அப்பா பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறார். பின்னால் சமையலறை, அடுப்பின் மேல் ஒரு பாத்திரம். அவ்வளவுதான். மனசு குளிர்ந்துவிட்டது. வாங்கியும் விட்டேன்.

கூட வந்திருந்த என் மனைவி உமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தின் கிட்டே போனாள்.

"ஏங்க, அடுப்புல பால் இருக்கு. யாருமே பாக்கலையே?"

பக்கத்தில் நின்ற ஓவியர், "சும்மா ஒரு பாத்திரம்தான் மேடம்" என்றார்.

"மூடாம வெச்சிருக்கீங்க. அப்போ பால்தான். அடுப்பை அணைச்சாச்சா?"

ஓவியர் குனிந்து தன் படத்தைத் தானே பார்த்தார். "அடியில லேசா நீலம் போட்டிருக்கேன்..." என்று இழுத்தார். அதாவது, எரிகிறது.

மாம்பலம் வீட்டு ஹாலில் மாட்டினோம். போச்சு என் நிம்மதி. உட்கார்ந்தால் கண் நேராக அடுப்புக்குத்தான் போகிறது. வீட்டு வேலைக்கு வரும் செல்வி, துடைப்பமும் கையுமாக நின்று பார்த்தாள். "இன்னா சார், பாலை வெச்சிட்டு இந்தம்மா ஜடை பின்னிக்கினு கீது? அந்தாளையாவது எழுப்பக் கூடாதா?" காபி சாப்பிட வந்த கீழ்வீட்டு மாமா, படத்தைப் பார்த்ததும் பாதிக் காபியை வைத்துவிட்டுத் தன் வீட்டுக்கு ஓடினார்.

திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். உமாதான் வழி கண்டுபிடித்தாள். தினசரி காலண்டரை எடுத்து வந்து, அந்தச் சமையலறை மறைகிற மாதிரி மாட்டினாள். அடுப்பும் இல்லை, பாலும் இல்லை.

"இப்பதான் பாக்க நல்லாருக்கு" என்று சோபாவில் சாய்ந்தாள். அப்படியே தூங்கிவிட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் சும்மா உட்கார்ந்தே நான் பார்த்ததில்லை. பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எனக்கும் ஒருவழியாக நிம்மதி வந்தது — கூடவே ஒரு சந்தேகமும் வந்தது.

சத்தமில்லாமல் எழுந்து சமையலறைக்குப் போனேன். நினைத்தது சரிதான்.

ஒரு குடும்பம் நிம்மதியாக இருக்கிறதென்றால், ஃபிரேமுக்கு வெளியே யாரோ ஒருவர் அடுப்படியில் நிற்கிறார் என்று அர்த்தம்.

இந்தப் பத்தியை அங்கே நின்றுதான் எழுதுகிறேன். பால் இன்னும் பொங்கவில்லை.