பாண்டியர் அரண்மனைக்கு எவ்வளவு வத்தல்?

மாமனாரை நினைத்தாலே எனக்கு முதலில் நாக்கு எரியும். எண்பதுகளின் தொடக்கத்தில், திருமங்கலத்தில் அவர் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனபோது தட்டில் வைத்தது மிளகாய் பஜ்ஜி. மிளகாய் வத்தல் மண்டிக்காரர் வீட்டில் வேறென்ன வைப்பார்கள்? பெண் தட்டை நீட்டியபோதே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பஜ்ஜியைக் கடித்த பிறகு அவளே தெரியவில்லை. கண்ணில் அவ்வளவு தண்ணீர்.

நான் சரித்திரத்தில் எம்.ஏ. என்று அம்மா பெருமையாகச் சொல்லித் தொலைத்தாள். அதுவரை யாரும் சட்டை செய்யாத படிப்பு அது. அவரோ நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“நாங்க பாண்டிய ராசா அரண்மனைக்கே வத்தல் போட்ட வம்சம். படிச்சவருகிட்டக் கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. அரண்மனைக்குத் தினம் எம்புட்டு வத்தல் போயிருக்கும், தம்பி?”

‘நிறைய’ என்று சொல்லியிருந்தால் கல்யாணமே முடிந்திருக்கும். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என்னிடம் சரித்திரக் கேள்வி கேட்கிறார், விடுவேனா? மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிரசங்கத்தைத் தொடங்கினேன். மிளகாய் போர்ச்சுகீசியர் கப்பலில் கொண்டுவந்த சரக்கு, மதுரையைப் பாண்டியர் ஆண்டபோது அது இங்கே கிடையாது, ராஜாவே உறைப்புக்கு மிளகைத்தான் நம்பியிருந்தார் என்றெல்லாம் விளக்கினேன். அம்மா தொடையைக் கிள்ளினாள். அதற்கும் சேர்த்துக் கண்ணீர் வந்தது.

“ஒரு பஜ்ஜிக்கே இந்தப் பாடு படுற தம்பி, மிளகாயே கிடையாதுன்னுதான சொல்லும்!” என்றார் அவர், சிரிக்காமல். உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெண்தான் என்று நம்பிக்கொண்டு பஸ் ஏறினேன்.

விளாங்குடியில் எங்கள் வீட்டுக்குப் பதிலே வரவில்லை. “பாண்டியன் எதைத் தின்னா உனக்கென்னடா? நல்ல சம்பந்தத்தைக் கெடுத்துட்டு வந்து நிக்கிற” என்று அம்மா தினமும் வைதாள். கடைசியில், “வத்தல் வாங்குற சாக்குல போயி மொகத்தையாச்சும் காட்டிட்டு வா” என்று பையைக் கையில் திணித்து விரட்டினாள்.

மண்டிக்குள் நுழையத் தைரியமில்லாமல் மூட்டைக்குப் பின்னால் நின்றேன். அவர் ஒரு வியாபாரியிடம் வத்தலை அள்ளிக் காட்டிக்கொண்டிருந்தார்.

“கப்பல்ல வந்த வம்சம்ணே இது! பாண்டிய ராசா தலைகீழா நின்னாலும் கெடைச்சிருக்காது. வெறும் மிளகத் தின்னே காலத்த ஓட்டிருக்காரு, பாவம். நம்ம வீட்டு ஆளு சரித்திரம் படிச்சவரு, அவரே சொன்னாரு.”

அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

“வாங்க மாப்ள! அந்தக் கப்பல் கதைய அண்ணனுக்கு நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு.”

சொன்னேன். இன்றுவரை என் பட்டத்தால் விலைபோனவை அந்த ஒரு மூட்டை வத்தலும் நானும்தான்.