எலுமிச்சம்பழத்துக்குக் காவல் நின்ற கை

வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ் தொழிலில் அழுக்கைப் போக்குவது பெரிய விஷயமில்லை. அழுக்கோடு சேர்ந்து வேறு எது போய்விடுமோ என்று பயந்துகொண்டே இருப்பதுதான் பெரிய விஷயம். அடுத்தவர் பொருளில் கைவைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இது புரியும். கல்யாண ஜாக்கெட் தைக்கும் டெய்லர், செல்போனைக் கழற்றி மேஜைமேல் பரப்பி வைத்திருப்பவர், மாப்பிள்ளைக்கு மீசை ஒதுக்கும் சலூன்காரர் எல்லோரும் என் கட்சி.

நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அதன் பிறகு ஒதியம்பட்டில் ரோட்டோரமாக, எங்கள் வீட்டு முன்னாலேயே ஷெட் போட்டேன். கன் பிடிப்பது நான். ஷாம்பு போட்டுத் தேய்ப்பது என் மனைவியின் தம்பி குமார். கன் என்றால் ஏதோ தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் மூக்கைத் திருகினால் தண்ணீர் விசிறி மாதிரி விரியும். இன்னும் திருகினால் ஊசி மாதிரி பாயும். ஊசியாக வைத்துச் சும்மா தரையில் அடித்தாலே சிமென்ட்டில் கோடு விழும். மோட்டார் வந்திறங்கிய அன்று அந்தக் கோட்டைப் பார்த்த என் மனைவி அமுதா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"வண்டி கெட்டுப்பூடுச்சுன்னு ஒருத்தர் வந்து வாசல்ல நின்னாலும் போதும், அன்னிக்கே ஷெட்ட மூடிடணும்."

எனக்கு நாற்பத்தாறு வயது. இதையும் மூடிவிட்டு எங்கே போய் நிற்பது? அன்றிலிருந்து எந்த வண்டி வந்தாலும் ரேம்ப்பில் ஏறுவதற்கு முன்னால் என் வயிற்றில்தான் ஏறும்.

சிவப்பு

கடை திறந்த முதல் வாரம். வில்லியனூரிலிருந்து ஒரு வாத்தியார், செகண்ட் ஹேண்டில் வாங்கிய வெள்ளைக் காரைக் கொண்டுவந்தார். மனிதர் வண்டியைவிட வெள்ளையாக உடுத்தியிருந்தார். பின்கதவின் அடியில் சேறு காய்ந்து பிடித்திருந்தது. போகவில்லையே என்று கன்னைக் கிட்டே கொண்டுபோனேன். சேறு போனது. கூடவே அப்பளம் மாதிரி ஒரு துண்டு பெயிண்ட்டும் எழும்பி, கண்ணெதிரே பறந்தது.

கன்னை நிறுத்தினேன். குமார் ஷாம்பு வாளியோடு அப்படியே நின்றுவிட்டான். வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். நல்லவேளை, அமுதா அங்கே இல்லை. வாத்தியார் மெதுவாக எழுந்து வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பெயிண்ட் போன இடத்தில் விரலை வைத்துத் தடவினார். நான் மன்னிப்பு கேட்க வாயைத் திறக்கிறேன், அவரோ வண்டியை விற்ற ஆளுக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து எந்த வண்டிக்கும் ஒரு முழம் தள்ளியே கன்னைப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். அந்த ஆள் ஃபோனை எடுக்கும்வரை காத்திருந்த நேரத்தில் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அப்ப இது செவப்பு வண்டியா தம்பி?"

பழம்

நெட்டப்பாக்கத்தில் கரும்பு வைத்திருக்கிற கலியபெருமாள் அண்ணன், மகனுக்குப் பெண் பார்க்கப் போகும் நாளன்று காலையில் வண்டியைக் கொண்டுவந்தார். முன் பம்பரில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோர்த்த கயிறு தொங்கியது. நம் பக்கத்தில் கயிறு தொங்காத வண்டி ஏது? நான் கவனிக்கவே இல்லை. ஒரு முழம் தள்ளித்தான் பிடித்தேன், ஆனாலும் ஒரே அடியில் கயிறு அறுந்தது. பழம் உருண்டு ரோட்டோரக் கால்வாயில் விழுந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மிதந்து போனது.

குமார் பெட்டிக்கடைக்கு ஓடிப் புதுப் பழமும் மிளகாயும் வாங்கி வந்தான். அண்ணன் அதைத் தொடக்கூட இல்லை. போனது கடைப் பழம் இல்லை, குலதெய்வம் கோயிலில் பூசை போட்டுக் கட்டியது. அது இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் பங்காளி ஒருவரின் காரை வரவழைத்துப் பெண் பார்க்கப் போனார். கோயிலிலிருந்து வேறு பழம் வரும்வரை, இரண்டு நாள், அவர் வண்டி எங்கள் ஷெட்டிலேயே நின்றது. அந்த இடம் அமையாமல் போனால் பழி என் தலையில்தான் என்று இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளையாகப் பெண் அமைந்துவிட்டது. அமுதா யோசித்துப் பார்த்துவிட்டு, கெட்டது பழம்தானே, வண்டி இல்லையே என்று அந்த ஒருமுறை விட்டுவிட்டாள். ஆனால் பங்காளி வண்டியில் ஏறும்போது அண்ணன் திரும்பிப் பார்த்துச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"வண்டிய நல்லாத்தான் கழுவுன. காவலையும் சேத்து கழுவிட்டியே தம்பி!"

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த வண்டி வந்தாலும் இடது கையால் பழத்தைப் பொத்திக்கொள்வேன். வலது கையில் கன்னைப் பிடித்துப் பம்பரில் அடிப்பேன். பார்க்கிறவர்களும், பொறுப்பான ஆள் என்று பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாவது தடவை

மணப்பட்டு கடற்கரையிலிருந்து வருகிற வண்டிகளில் உப்பு, மணல், மீன் செதில் மூன்றும் இருக்கும். அப்படி வந்த ஒருவர், சொந்தமாகப் படகு வைத்திருப்பவர், இன்ஜினையும் கழுவியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பானெட்டைத் திறந்தாலே எனக்கு நடுக்கம். ஃபியூஸ் பாக்ஸ், பேட்டரி, ஒயர் மூட்டுகள் எல்லாவற்றையும் பாலிதீன் கவரால் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். இன்ஜின் சூடு ஆறும்வரை அவரை டீக்கடைக்கு அனுப்பினேன். கன்னைத் தூர வைத்துவிட்டு, சாதாரணக் குழாயில் லேசாகத் தண்ணீர் விட்டு, பிரஷ்ஷால் குழந்தைக்குப் பல் விளக்குவதுபோல் தேய்த்தேன். துணியால் ஒற்றி எடுத்தேன்.

அவர் உட்கார்ந்து சாவியைத் திருகினார். வண்டி இருமிவிட்டு நின்றது. இன்னொருமுறை திருகினார். இருமல்கூட வரவில்லை. அன்று பார்த்து அமுதா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் மனத்துக்குள் ஷெட்டின் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். அப்போது அவர் மறுபடி திருக, வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. வியர்த்துப்போய் நின்ற என்னைப் பார்த்து அவர் சிரித்தார்.

"இன்னாண்ணே இதுக்கே பயந்துட்ட? இது வாங்குன நாள்லேந்து மூணாவது தபாதான் எடுக்கும்."

ஒரு பொட்டு ரத்தம்

ஆயுத பூசைக்கு முதல் நாள். ரோடு வரைக்கும் வண்டிகள் வரிசையில் நின்றன. கலியபெருமாள் அண்ணனும் வந்திருந்தார். கரும்புக் கொல்லைச் சேறு பம்பரில் கல்லாக இறுகியிருந்தது. "பழம் பத்திரம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். சேறு போவதற்காகக் கன்னை ஊசியாகத் திருகினேன். வழக்கம்போல் இடது கையால் பழத்தைப் பொத்திக்கொண்டேன். அடுத்த வண்டிக்கு என்ன ஷாம்பு என்று குமார் கேட்க, திரும்பினேன். அவ்வளவுதான். தண்ணீர் ஆள்காட்டி விரலில் பாய்ந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் நான் பார்த்தது பழத்தைத்தான். அது பத்திரமாக இருந்தது. விரலில் குண்டூசி குத்திய அளவு ஓட்டை. ஒரு பொட்டு ரத்தம். வலிகூட இல்லை. அமுதா பார்த்தால் கடையை மூடச் சொல்வாளே என்று துணியைச் சுற்றிக்கொண்டு, இன்னும் இரண்டு வண்டி கழுவினேன். கொஞ்ச நேரத்தில் விரல் விறைத்தது, வீங்கியது, நிறம் மாறியது. வண்டியை எடுக்க வந்த அண்ணன் சாவிக்குக் கை நீட்டினார். நான் வலது கையால் கொடுத்தேன். அவர் என் இடது கையைப் பிடித்து இழுத்துத் துணியை அவிழ்த்தார். அடுத்த நிமிஷம் அவர் வண்டியில் பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

ஓட்டை சின்னதாக இருந்தாலும் தண்ணீர் அழுக்கையும் சோப்பையும் சேர்த்து விரலுக்குள்ளே வெகுதூரம் தள்ளியிருக்கிறது, அடிபட்ட உடனே வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் திட்டினார். கிழித்துத்தான் கழுவ வேண்டும், விரல் தங்குமா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். இரண்டு வருஷமாக ஊரார் வண்டிகளுக்காகப் பயந்த பயத்தில் ஒரு துளியைக்கூட இந்த விரலுக்கு நான் ஒதுக்கியதில்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போது கலியபெருமாள் அண்ணன் கூடவே நடந்து வந்தார்.

"பழம் போனா கோயிலுக்குப் போயி வேற கட்டிக்குவேன். வெரலு போனா நீ எந்தக் கோயிலுக்குப் போவ தம்பி?"

நிபந்தனை

விரல் தங்கிவிட்டது. முழுதாக மடங்காது, அவ்வளவுதான். கட்டோடு படுத்திருந்தபோது அமுதா வந்தாள். கடையை மூடுவதைப் பற்றி அவள் சொல்லப் போகிறாள், நான் என்ன பதில் சொல்வது என்று உள்ளுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று, அவள் கேட்பதற்கு முன்னாலேயே, வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன். அவள் என் கட்டுப்போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இப்போது ஷெட்டில் கனத்த கையுறையும் முழங்கால் வரை பூட்ஸும் தொங்குகின்றன. பழம், கயிறு, மாலை எல்லாவற்றையும் நீங்களே கழற்றிவிட்டு வண்டியை ஏற்றுங்கள் என்று குமார் பெயிண்ட்டில் எழுதி வைத்திருக்கிறான். கன்னை நிறுத்தாமல் யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. இதெல்லாம் அமுதா போட்ட சட்டங்கள். ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் என் கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு சொன்னேனே, ஒங்களுக்கும் ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு சொல்லாம வுட்டுட்டேனே."

ஊரார் வண்டியையெல்லாம் ஒரு முழம் தள்ளி நின்று கழுவிய எனக்கு, தள்ளி வைக்க வேண்டியவற்றில் என் கையும் ஒன்று என்று புரிய ஒரு விரல் மடங்காமல் போக வேண்டியிருந்தது.