பத்து லட்சத்து ஒன்பதை வகுத்தவள்

சம்பா நடவின்போது என் மனைவி வரப்பில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. நான் திருக்காட்டுப்பள்ளியில் கணக்கு வாத்தியார்; வயல் முழுக்க அவள் பொறுப்பு. கட்டிலில் கிடந்தபடியே போனில் ஆட்களை விரட்டி நடவை முடித்தாள். அப்புறம் விரட்டுவதற்கு நான்தான் மிஞ்சினேன்.

ஒரு சனிக்கிழமை நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, எனக்கும் ஒரு கணக்கு குடுங்க."

பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப் படிப்பை நிறுத்தியவள் அவள்.

"பத்து லட்சத்து ஒன்பது. இத மீதியில்லாம எது வகுக்கும்னு கண்டுபுடி."

அது பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர எதாலும் வகுபடாது என்று நம்பியிருந்தேன். கல்லூரியில் படித்தபோது நூறு வரைக்கும் போட்டுப் பார்த்துவிட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டேன். வகுப்பில் பெரிய பகா எண்ணுக்கு உதாரணமாக வருஷா வருஷம் அதைத்தான் எழுதிப்போடுவேன். அவள் வாயை அடைக்கத்தான் அதைக் கொடுத்தேன்.

"எதுவரைக்கும் போட்டுப் பாக்கணும்?"

"ஆயிரம் வரைக்கும் போதும். ஆயிரத்த ஆயிரத்தால பெருக்குனா பத்து லட்சம். ரெண்டா பிரிஞ்சா ஒண்ணாவது ஆயிரத்துக்குள்ள வந்துதான் ஆகணும். பகா எண்ணா பாத்துப் போடு."

கால்குலேட்டரைத் தொடவில்லை. பழைய நோட்டு ஒன்றில் நீளமாக வகுத்துக்கொண்டே போனாள். ஏழுக்கு மூன்று மீதி, பதிமூன்றுக்குப் பத்து மீதி. சாப்பாட்டுத் தட்டைக்கூட நோட்டுக்கு மேல்தான் வைத்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் கூப்பிட்டாள்.

"இருநூத்தித் தொண்ணூத்தி மூணுல மீதியே வரலீங்க."

"எங்கயோ தப்பு விட்டிருப்ப."

நோட்டை நீட்டினாள். ஈவு மூவாயிரத்து நானூற்றுப் பதின்மூன்று. பெருக்கிப் பார்த்தேன். சரியாக வந்தது. மாற்றிப் போட்டுப் பெருக்கினேன். அப்போதும் பத்து லட்சத்து ஒன்பதுதான்.

"என்ன, தப்பா?"

"இல்ல, சரிதான்." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "அது வகுபடாதுன்னு நெனச்சுத்தான் உனக்குக் குடுத்தேன்."

நோட்டை என் கையிலிருந்து வாங்கி மூடிவைத்தாள்.

"அஞ்சு நாளா பாத்துக்கிட்டேதானே இருந்தீங்க?"

அன்று மாலை நான் போட்ட காபியை அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் வகுப்பில், இத்தனை வருஷம் தப்பாகச் சொல்லிவந்தேன் என்று ஒப்புக்கொண்டேன். முன் வரிசையில் இருந்த ஒரு பெண், "யாரு சார் கண்டுபுடிச்சாங்க?" என்றாள். "எங்க வீட்டுல" என்றதும் எல்லோரும் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். அவள் மூவாயிரத்து நானூற்றுப் பதின்மூன்றை வகுத்துக்கொண்டிருந்தாள். அது எதற்கும் மசியவில்லையாம். தலை நிமிராமல் கேட்டாள்:

"எம்பேரச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அடுத்த நாள் கரும்பலகையில் அந்த எண்ணையும் அதன் இரண்டு காரணிகளையும் எழுதி, கீழே அவள் பெயரை முழுசாக எழுதினேன்.