ஆறில் ஒன்றை அளந்தேன்

அப்பாவின் பழைய கார் எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸ் வாசலில் ஓடாமல் கிடக்கிறது. ஆறு சிலிண்டர் இன்ஜின். எத்தனை சி.சி. என்று தெரிந்தால்தான் பிஸ்டன் வாங்க முடியும். இன்ஜினில் பொறித்திருந்த எண்ணோ தேய்ந்துவிட்டது. முதல் சிலிண்டரை மட்டும் அளந்து ஆறால் பெருக்கினேன். அந்தக் கணக்கில் வாங்கிய ஆறு பிஸ்டன்களில் ஒன்றுதான் பொருந்தியது. முதல் சிலிண்டரில் மட்டும் எப்போதோ உள்ளே லைனர் என்ற குழாயைச் செருகித் துளையைச் சிறிதாக்கியிருந்தார்கள். எரிச்சலில் ஸ்பேனரை வீசினேன்.

"மீதி அஞ்சையும் அளக்கலையாங்க?" என்றாள் மனைவி.

"எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

வீசிய ஸ்பேனரைக் குனிந்து எடுத்தேன். காலையில் நான் சூப்பர்வைசராக இருக்கும் மைன்ஸில், நிலக்கரி ஏற்றிச் செல்லும் பெல்ட்டின் ஒரே ஒரு ரோலரைப் பார்த்துவிட்டு வந்த கான்ட்ராக்ட் தொழிலாளி ஏழுமலையும் இதையேதான் சொன்னார். எல்லார் எதிரிலும் அவரைத் திட்டித் தீர்த்திருந்தேன்.

மறுநாள் நான் கேட்பதற்கு முன்பே, "எல்லா ரோலரையும் பாத்துட்டேங்க" என்றார் ஏழுமலை. நகத்தில் ஒட்டியிருந்த இன்ஜின் கரி அவர் கண்ணில் படாமல் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.